மாடியறைக்கு வாடகை இல்லையாம்

அலுவலகத் தோழர் ஒருவர் பிரிவு உபசார விருந்துக்கு இடம் தேடுகிறார். “உங்கள் வாசகர் வட்டம் கூடுமே, அந்தப் பழைய பப், அது எப்படி?” என்று கேட்டார். நல்ல இடம் என்று சொல்ல வாயெடுத்தேன். போன வாரம் வந்த பில் நினைவுக்கு வந்தது.

லண்டனில் ஃப்ளீட் ஸ்ட்ரீட்டை ஒட்டிய சந்தில் இருக்கிறது. பெயர் வேண்டாம். சில வருடங்களாக அதன் மாடியறையில்தான் கூடுகிறோம். கருத்த மரப்பலகைச் சுவர், தாழ்ந்த உத்தரம், ஒரு பக்கமாகச் சரிந்த தரை. பேனாவை மேஜையில் வைத்தால் ஜன்னல் பக்கம் உருண்டு போகும். கதவைச் சாத்தினால் கீழே நடக்கும் கூத்து பாதிதான் கேட்கும். லிஃப்ட் கிடையாது, முழங்கால் வலிக்காரர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

இந்த ஊரில் பப்பில் கூட்டம் போடுவது புதிதல்ல. 1863-இல் ஃப்ரீமேசன்ஸ் டாவர்ன் என்ற மதுவிடுதியில் கூடியவர்கள்தான் இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கத்தைத் தொடங்கினார்கள். ஆனால் அவர்களில் பாதிப்பேர் மதுவைத் தொடாத லைம் சோடாக்காரர்களாக இருந்திருக்க மாட்டார்கள். எங்கள் பிரச்சினையே அதுதான்.

அறைக்கு வாடகை இல்லை. ‘மினிமம் ஸ்பெண்ட்’ மட்டும் உண்டு: அன்று மாலைக்குள் இத்தனை பவுண்டுக்குச் சாப்பிட்டுக் குடித்தாக வேண்டும், குறைந்தால் மீதியை அறை வாடகையாகப் போட்டுவிடுவார்கள். குடிக்கிற கூட்டத்துக்கு இது ஒரு பொருட்டே இல்லை, இரண்டு ரவுண்டில் முடிந்துவிடும். எங்களில் குடிப்பவர்கள் நாலைந்து பேர். மற்றவர்கள் ஒரு லைம் சோடாவை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் நாவலைப் பற்றிப் பேசுவார்கள். சிலர் அதுவும் வாங்குவதில்லை. கேட்டால் குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தரவேண்டும் என்று இங்கே சட்டமே இருக்கிறது.

ஆக, எட்டரை மணி வாக்கில் நான் கணக்குப் பார்க்க இறங்குவேன். இன்னும் நூற்றைம்பது பவுண்டு பாக்கி என்பார் பாரில் இருக்கும் பையன், சிரித்துக்கொண்டே. உடனே சிப்ஸ், ஆனியன் ரிங்ஸ், மறுபடி சிப்ஸ். சைவக்காரர்களுக்கு அங்கே வேறு கதி இல்லை. முட்டை மட்டும் சாப்பிடும் ஒருவர் ஸ்காட்ச் எக் கேட்டுவிட்டார். அதில் முட்டையைச் சுற்றி இருப்பதெல்லாம் பன்றி இறைச்சி.

போன வாரம் அப்படித் தின்று தீர்த்து இலக்கைத் தொட்டுவிட்டோம் என்று நிமிர்ந்தால், பன்னிரண்டரை சதவீத சர்வீஸ் சார்ஜ் அந்தக் கணக்கில் சேராதாம். அதை எடுத்துவிட்டுப் பார்த்தால் தொகை குறைகிறது, மீதியைக் கட்டுங்கள் என்றார்கள். முன்பணம் வாங்கும்போது இதை ஒருவரும் சொல்லவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

நியாயமாகச் சொன்னால், அந்தத் தொகைக்கு மத்திய லண்டனில் கதவு சாத்தக்கூடிய இன்னொரு அறை கிடைப்பது கஷ்டம். பணியாட்கள் தங்கமானவர்கள். மேலே பேச்சு சூடுபிடித்திருந்தால் கடைசி ஆர்டர் மணி அடித்த பிறகும் விரட்ட மாட்டார்கள்.

ஆனாலும் தோழரிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். அவருடைய கூட்டம் நன்றாகக் குடிக்கும் கூட்டம், அவர்களுக்கு அது பொருத்தமான இடம்தான், தெரியும். அந்த அறைதான் வேண்டுமென்றால் வியாழக்கிழமையை விட்டுவிடுங்கள், அன்று தொகையை ஏற்றிவிடுவார்கள். சர்வீஸ் சார்ஜ் சேருமா சேராதா என்பதை மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள்.