இட்லிக்குக் கடப்பாவா, கொத்சுவா?

கும்பகோணத்துக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே சுமார் 75 கி.மீ. தான். இரண்டு ஊர் ஓட்டலிலும் அதே இட்லி, அதே வாழையிலை, சப்ளையர் கையில் அதே வாளி. வாளிக்குள் இருப்பதுதான் வேறு. கும்பகோணத்தில் பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்ந்த வெளிர் நிறக் கடப்பா. சிதம்பரத்தில் கத்திரிக்காயும் புளியும் சேர்ந்து நல்லெண்ணெய் மிதக்கும் கொத்சு. சாம்பார் எந்த ஊரிலும் கிடைக்கும். வேலை முடிந்து அசதியோடு தெருமுனைக் கடையில் உட்காரும்போது இந்த இரண்டில் எதைக் கேட்பது என்பதுதான் கேள்வி.

முதலில் கடப்பா. இதில் புளி கிடையாது, சாம்பார்ப் பொடி கிடையாது, மிளகாய்த்தூளும் கிடையாது. காரம் முழுக்கப் பச்சைமிளகாயிலிருந்து, புளிப்பு கடைசியில் பிழியும் எலுமிச்சையிலிருந்து. நாலு பேருக்கு 100 கிராம் பாசிப்பருப்பு, 200 கிராம் உருளைக்கிழங்கு. பருப்பு மலர வேண்டும், கரையக் கூடாது. குக்கரில் ஒரு விசில் கூடிப்போனால் பசை மாதிரி ஆகிவிடும். கிழங்கைக் கத்தியால் வெட்டாமல் கையால் உதிர்க்க வேண்டும். உதிர்ந்த தூள் குழம்பில் கரையும், பெரிய துண்டுகள் அப்படியே நிற்கும். அந்தக் கலவைதான் கடப்பாவின் உடம்பு.

அரைக்க: தேங்காய்த்துருவல் அரை மூடி, பொட்டுக்கடலை ஒரு மேசைக்கரண்டி, பச்சைமிளகாய் 5, சோம்பு ஒரு தேக்கரண்டி, பூண்டு 3 பல், வெந்நீரில் பத்து நிமிஷம் ஊறிய கசகசா ஒரு தேக்கரண்டி. எண்ணெயில் பட்டை ஒரு துண்டு, கிராம்பு 2, பிரிஞ்சி இலை ஒன்று தாளித்துப் பெரிய வெங்காயத்தை வதக்க வேண்டும். வதங்கினால் போதும், சிவந்துவிட்டால் கடப்பாவின் நிறமே பழுப்பாகிவிடும். பிறகு கிழங்கு, பருப்பு, இரண்டு டம்ளர் தண்ணீர். கொதித்த பின்தான் அரைத்த விழுது. சிறு தீயில் ஐந்து நிமிஷத்தில் பச்சை வாசனை போய்விடும். அதற்கு மேல் தளதளவென்று கொதிக்கவிட்டால் தேங்காய் திரிந்து தனியே நிற்கும். அடுப்பை அணைத்து இரண்டு நிமிஷம் கழித்து அரைமூடி எலுமிச்சை. அடுப்பில் இருக்கும்போதே பிழிந்தால் லேசாகக் கசக்கும்.

ஓட்டல்களில் கடப்பா கெடுவது இரண்டு விதமாக. ஒன்று, பொட்டுக்கடலையை அள்ளிப் போடுவது. வைக்கும்போது சரியாகத்தான் இருக்கும். அரை மணியில் இறுகி, கூட்டம் வரும் நேரத்தில் வெந்நீர் ஊற்றி நீட்ட வேண்டியிருக்கும். நீட்டிய கடப்பாவில் உப்பும் காரமும் சேர்ந்தே குறையும். இலையில் விட்டதும் ஓரத்தில் தண்ணீர் தனியே பிரிந்து ஓடினால் இதுதான் காரணம். இரண்டாவது, பட்டாணி, காரட், கரம் மசாலா என்று சேர்ப்பது. அது குருமா. நல்ல குருமாவாகவே இருக்கலாம், ஆனால் கடப்பா என்று எழுதி வைக்கக் கூடாது.

கொத்சுவின் குணம் நேரெதிர். சிதம்பரம் நடராசர் கோயிலில் சம்பா சாதத்தோடு நைவேத்தியமாகப் போவது இது. அங்கே வெங்காயம் சேராது. ஓட்டலில் சின்ன வெங்காயமும் தக்காளியும் சேர்ப்பது வழக்கமாகிவிட்டது, அதில் குற்றமில்லை. இதன் உயிர் வறுத்து அரைத்த பொடிதான்: கொத்தமல்லி விதை ஒன்றரை மேசைக்கரண்டி, கடலைப்பருப்பு ஒரு மேசைக்கரண்டி, காய்ந்த மிளகாய் 6, வெந்தயம் கால் தேக்கரண்டி, பட்டாணி அளவு பெருங்காயம். வெந்தயத்தைக் கடைசியில் போட்டு நிறம் மாறியதும் இறக்கிவிட வேண்டும். கருகினால் சட்டி முழுக்கக் கசப்புதான், வெல்லம் போட்டும் தேற்ற முடியாது.

கால் கிலோ கத்திரிக்காய் பிஞ்சாக இருக்கட்டும். முற்றிய காயின் விதை நெருடும், கசக்கவும் செய்யும். மூன்று மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் வதக்கி மத்தால் மசித்து, நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து ஊற்றிப் பத்து நிமிஷம் கொதித்த பிறகே பொடி. அவசரப்பட்டுப் பொடியை முன்னாலேயே போட்டால் குழம்பு கெட்டியாகி அடிபிடிக்கும், புளி வேகாத வாசனையும் உள்ளேயே நின்றுவிடும். எண்ணெய் பிரிந்து மேலே வந்தால் இறக்கலாம்.

தட்டில் இரண்டும் நடந்துகொள்வது வேறு மாதிரி. கடப்பாவை இட்லியின் தலையில் ஊற்றச் சொல்லாதீர்கள். பக்கத்தில் விடச் சொல்லி, பிட்ட இட்லியின் வெட்டுப் பக்கத்தை அதில் அழுத்தினால் குழம்பு உள்ளே ஏறும், மேலே ஒரு கிழங்குத்துண்டு ஒட்டிக்கொண்டு வரும். நாலு இட்லிக்கு இரண்டு பெரிய கரண்டி தேவை. கொத்சுவுக்கு இட்லி ஒன்றுக்கு இரண்டு ஸ்பூன் போதும். அதிகமானால் புளிப்பு மட்டும்தான் தெரியும். வெண்பொங்கலுக்குக் கொத்சுவை மிஞ்ச எதுவும் இல்லை. நெய்யின் திகட்டலை அந்தப் புளிப்புதான் வெட்டும். முறுகல் தோசைக்கு இரண்டுமே வேண்டாம், சட்னி போதும்.

சாயங்காலப் பசிக்கு எங்கள் ஓட்டு கடப்பாவுக்கு. உறைப்பு குறைவு, வயிற்றில் மெத்தென்று இறங்கும், குழந்தைக்கும் வயசானவர்களுக்கும் ஒரே வாளியிலிருந்து பரிமாறலாம். ஆனால் அது காத்திருக்காது. எல்லாக் கடையிலும் தினமும் போட மாட்டார்கள், போட்டாலும் சீக்கிரம் தீர்ந்துவிடும். உட்காரும் முன்பே “அண்ணே, இன்னைக்குக் கடப்பா உண்டா?” என்று கேட்டுவிடுவது நல்லது. ஏழு மணிக்குள் போனால் நீட்டாத கடப்பா கிடைக்கும்.

பார்சல் என்றால் யோசிக்காமல் கொத்சு. புளியும் எண்ணெயும் இருப்பதால் ராத்திரி வாங்கியது மறுநாள் காலை வரை தாங்கும், ஊறி இன்னும் ருசியாகவும் இருக்கும். தேங்காய் சேர்ந்த கடப்பா, சூட்டோடு கவரில் கட்டினால் வெயில் காலத்தில் மூன்று நாலு மணி நேரத்தில் நுரைக்கத் தொடங்கிவிடும். வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் வீட்டிலிருந்து தூக்குவாளி கொண்டுபோய், வீடு திரும்பிய கையோடு மூடியைத் திறந்து வையுங்கள்.