புது மெமரி கார்டை முழுக்க நிரப்பிப் பார்க்காமல் கல்யாண வேலைக்கு எடுத்துப் போகாதீர்கள்

ஃப்ரீலான்ஸாகப் படம் எடுக்கிறவர்கள், கல்யாணமோ பிறந்தநாளோ ஊர் விழாவோ எதற்குப் போகிறவராக இருந்தாலும், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படித்துவிடுங்கள். பெயர் பெற்ற கம்பெனியுடையது என்று நம்பி ஆன்லைனில் நான் வாங்கிய 128 ஜிபி மெமரி கார்டுகள் இரண்டும் போலி. உள்ளே இருந்தது 32 ஜிபி சிப். அது தெரிய வந்தது ஒரு கல்யாணத்தை முடித்துவிட்டு வந்து படங்களைக் கம்ப்யூட்டரில் இறக்கியபோது.

இரண்டு கார்டும் ஒரே பேக்கில் வந்தன. சீல் பிரிக்கப்படவில்லை, அட்டையில் ஹோலோகிராம், கார்டின் பின்னால் சீரியல் எண், எல்லாம் இருந்தன. கேமராவில் போட்டால் இத்தனை ஆயிரம் படம் எடுக்கலாம் என்று சரியான கணக்கையே காட்டியது. விண்டோஸில் 119 ஜிபி என்று காட்டும், அதில் தப்பில்லை. கார்டு கம்பெனிகள் ஆயிரம் ஆயிரமாகக் கணக்கிடுகின்றன, விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது, அசல் 128 ஜிபி கார்டும் அப்படித்தான் காட்டும்.

வாங்கியதும் சின்னச் சின்ன வேலைகளுக்கு இந்தக் கார்டுகளைத்தான் பயன்படுத்தினேன். போர்ட்ரெய்ட், ஒரு திறப்பு விழா, பொருட்களைப் படம் எடுக்கும் வேலை ஒன்று. எதிலும் ஒரு ஃபைல்கூடக் கெடவில்லை. இந்த மோசடியே அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கிறது. உண்மையான கொள்ளளவுக்குள் எடுக்கும்வரை கார்டு ஒழுங்காக வேலை செய்யும். என் கேமராவில் ஒரு ரா ஃபைல், அதாவது கேமரா பதிக்கும் மூலப் படம், ஏறத்தாழ 30 எம்பி வரும், அப்படியானால் 32 ஜிபியில் சுமார் ஆயிரம் படம். ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் ஃபார்மேட் செய்துவிடுவோம் என்பதால் திரும்பவும் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும். ஒரே நாளில் ஆயிரத்தைத் தாண்டுவது கல்யாணத்தில்தான்.

அன்று காலையில் எடுத்தது எல்லாம் இருக்கிறது. மணப்பெண் தயாராவது, மாப்பிள்ளை வருவது, சடங்குகளின் பெரும்பகுதி, எதற்கும் சேதமில்லை. அதற்கு மேல் வரிசையாகச் சாம்பல் நிறக் கட்டங்கள். ஃபைல் பெயர் சரியாக இருந்தது, எடுத்த நேரம் சரி, அளவும் அதே 30 எம்பி, திறந்தால் மட்டும் திறக்கவில்லை. ஃபைலுக்குள் இருக்கும் தரவை எண்களாகவே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் ஒரு ஃபைலைத் திறந்தேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் 00 00 00 00, வேறு ஒன்றுமே இல்லை. எல்லை எங்கே என்பதும் துல்லியமாகத் தெரிந்தது. கடைசியாகத் தப்பித்த படத்தில் மேல்பாதி நன்றாக இருந்தது, கீழ்ப்பாதி வெறும் ஒரே நிறம். சிப் நிரம்பிய இடம் அதுதான்.

கேமராவில் பார்க்கும்போதே தெரிந்திருக்க வேண்டாமா என்று என்னிடம் பலர் கேட்டார்கள். தெரியாது. எடுத்தவுடன் திரையில் வருவது கேமராவின் தற்காலிக நினைவகமான பஃபரில் இருக்கும் படம், கார்டிலிருந்து திரும்பப் படிப்பது கிடையாது. கார்டு 'எழுதிவிட்டேன்' என்று சொன்னால் கேமரா அதை நம்பி அடுத்த வேலைக்குப் போய்விடும், சரிபார்க்காது. ஒவ்வொரு மெமரி கார்டுக்குள்ளும் சின்னதாக ஒரு கன்ட்ரோலர் சிப் உண்டு, அதை இயக்க அதற்கென்று தனி ஃபர்ம்வேர், அதாவது உள்ளேயே பதிந்த மென்பொருள், உண்டு. அந்த ஃபர்ம்வேரை மாற்றி எழுத முடியும் என்று ஆண்ட்ரூ ஹுவாங், ஷான் கிராஸ் என்ற இரண்டு பொறியாளர்கள் 2013 டிசம்பரில் கேயாஸ் கம்யூனிகேஷன் காங்கிரஸ் என்ற ஹேக்கர்கள் மாநாட்டில் செய்தே காட்டினார்கள். போலி விற்கிறவர்கள் 32 ஜிபி சிப்பை 128 என்று சொல்ல வைப்பதும் இந்தக் கன்ட்ரோலர் வழியாகத்தான். இடம் தீர்ந்த பிறகு வருகிற தரவைச் சில கார்டுகள் அப்படியே விட்டுவிடும், சில கார்டுகள் பழைய படங்களின் மேலேயே எழுதிவிடும். எனக்கு வந்தது முதல் வகை. இரண்டாவது வகையாக இருந்திருந்தால் காலைப் படங்களும் போயிருக்கும்.

இதில் எனக்கு இன்னும் ஆறாத விஷயம் ஒன்று இருக்கிறது. என் கேமராவில் இரண்டு ஸ்லாட். ஒவ்வொரு படமும் இரண்டு கார்டிலும் ஒரே நேரத்தில் பதிவாகும்படி பேக்கப் முறையில்தான் எப்போதும் வைத்திருக்கிறேன், அன்றும் அப்படித்தான். ஒரு கார்டு போனால் இன்னொன்று காப்பாற்றும் என்பதற்காகத்தானே இரண்டு ஸ்லாட் கேமராவுக்குக் கூடுதலாகப் பணம் கொடுத்து வாங்குகிறோம்! இரண்டும் ஒரே பேக், ஒரே மாதிரி போலி, அதனால் இரண்டும் ஒரே இடத்தில் நின்றுவிட்டன. கார்டு பழுதாவதற்குத்தான் பேக்கப் உதவும், ஒரே கும்பல் விற்ற இரண்டு போலிக்கு உதவாது. இனிமேல் இரண்டு ஸ்லாட்டிலும் ஒரே கடையில், ஒரே சமயத்தில் வாங்கிய கார்டுகளைப் போடவே மாட்டேன். நீங்களும் போடாதீர்கள்.

மீட்பு மென்பொருள்களையும் ஓட்டிப் பார்த்தேன். ஃபோட்டோரெக் மாதிரியானவை அழிக்கப்பட்ட படத்தைத் தேடி எடுக்கக்கூடியவை, இங்கே படம் எழுதப்படவே இல்லையே, எதைத் தேடி எடுப்பது? 'நூறு சதவீதம் மீட்டுத் தருகிறோம்' என்று முன்பணம் கேட்கிறவர்களும் வருவார்கள். போலிக் கார்டு விஷயத்தில் அவர்களிடம் இன்னொரு முறை பணத்தை இழக்க வேண்டாம்.

போனது எதுவென்றால், சடங்குகளின் கடைசிப் பகுதியும் மொத்தக் குடும்பப் படங்களும். மணப்பெண்ணின் தாத்தா சக்கர நாற்காலியை விட்டு எழுந்து, பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார், எனக்காகத் தலைமுடியைக்கூட ஒருமுறை சரிசெய்துகொண்டார். அந்தப் படம் இல்லை. என்னோடு வந்த இரண்டாவது போட்டோகிராபர் ஓரத்திலிருந்து எடுத்த ஒன்றில் அவர் பாதி மறைந்து தெரிகிறார், அதைத்தான் கொடுக்க முடிந்தது. அவர்கள் வீட்டுக்கு நேரில் போய்ச் சொன்னேன். போனில் சொல்கிற விஷயம் இல்லை அது. பெண்ணின் அப்பா கோபப்படக்கூட இல்லை, ஆல்பத்தில் தாத்தா எங்கே வருவார் என்று மட்டும் கேட்டார். என் சம்பளத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அது எதற்கும் ஈடாகாது.

இப்போது விற்றவரிடம் வருகிறேன். முதலில் கிடைத்த பதில், 'கேமராவிலேயே ஃபார்மேட் செய்து பாருங்கள் சார்'. ஃபார்மேட் என்பது கார்டின் ஆரம்பத்தில் அட்டவணையை மட்டும் புதிதாக எழுதுவது, போலிக் கார்டிலும் அது வெற்றிகரமாகவே முடியும். அதனால் சரியாகிவிட்டது என்று நம்பி இன்னொரு கல்யாணத்துக்கு எடுத்துப் போவோம். அடுத்து, திரும்பப் பெறும் காலம் முடிந்துவிட்டது என்றார்கள். அப்புறம் கார்டை முழுக்க நிரப்பி நான் செய்த டெஸ்டின் முடிவைப் படமாக அனுப்பியதும் பேச்சு மாறியது. ஒரு நட்சத்திரம் கொடுத்து எழுதிய என் விமர்சனத்தை ஐந்தாக மாற்றினால் பணத்தைத் திருப்பித் தருவார்களாம். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அந்த விமர்சனத்தைப் பார்த்து ஒருவராவது வாங்காமல் இருந்தால் போதும். கார்டில் பெயர் அச்சடிக்கப்பட்டிருந்த கம்பெனிக்கும் எழுதினேன். சீரியல் எண்ணையும் புகைப்படத்தையும் வாங்கிப் பார்த்துவிட்டு, இது எங்கள் தயாரிப்பே இல்லை, வாரன்டி கிடையாது என்று எழுத்தில் கொடுத்தார்கள். அந்தக் கடிதத்தை வைத்துத்தான் பணம் கட்டிய வங்கியில் இப்போது புகார் கொடுத்திருக்கிறேன். நேரடிப் பணப் பரிமாற்றமாக இல்லாமல் கிரெடிட் கார்டில் வாங்கியதால்தான் அந்த வழியாவது இருக்கிறது.

கார்டை டெஸ்ட் செய்வது எளிது. விண்டோஸில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்று ஒரு இலவச மென்பொருள், பல வருடமாக இருப்பது. லினக்ஸ், மேக் என்றால் எஃப்3. இரண்டும் செய்வது ஒன்றேதான்: கார்டு முழுவதையும் ஃபைல்களால் நிரப்பும், பிறகு ஒவ்வொன்றையும் திரும்பப் படித்து எழுதியதும் படித்ததும் ஒன்றா என்று பார்க்கும். காலியான கார்டில் ஓட்டுங்கள், 128 ஜிபிக்கு ஒரு மணி நேரமோ கொஞ்சம் கூடவோ ஆகும், போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கலாம். என் கார்டில் 29 ஜிபி சரி, 89 ஜிபி தரவு இழப்பு என்று வந்தது. இரண்டிலும் அதே கதை. கூடவே எழுதும் வேகத்தையும் காட்டும். வி30 என்று போட்டிருந்தால் தொடர்ந்து எழுதும் வேகம் நொடிக்கு 30 எம்பிக்குக் கீழே போகக் கூடாது. அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கும் 170, 200 எல்லாம் பெரும்பாலும் படிக்கும் வேகம், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. இன்னும் வேகமான யுஎச்எஸ்-2 வகை என்று சொல்லி விற்றால் கார்டைத் திருப்பிப் பாருங்கள், பின்களில் இரண்டாவது வரிசை இருக்க வேண்டும். ஒரே வரிசை என்றால் அங்கேயே பொய்.

அச்சு, எழுத்துரு, நிறம் பார்த்து போலியைக் கண்டுபிடிக்கலாம் என்று சொல்கிறார்கள். எனக்கு வந்ததை அசல் கார்டின் பக்கத்தில் வைத்து லென்ஸில் பார்த்தேன், என்னால் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. கம்பெனி பெயரிலேயே இருக்கும் விற்பனைப் பக்கத்தில்கூட, கீழே சின்ன எழுத்தில் வேறொரு விற்பனையாளர் பெயர் இருக்கும், அனுப்புவது அவர்தான். அதைப் பாருங்கள். விமர்சனங்களில் 'சீக்கிரம் வந்தது, ஒரிஜினல்' என்று வந்த அன்றே எழுதியவர்களை விட்டுவிடுங்கள், நிரப்பாத கார்டைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. சில மாதம் கழித்து வந்து ஒரு நட்சத்திரம் கொடுத்திருப்பவர்கள் சொல்வதைத் தேடிப் படியுங்கள். பேக்கைப் பிரிக்கும்போது சீரியல் எண் தெரிய வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், என்னிடம் முதலில் கேட்டதே அதைத்தான். போலி என்று தெரிந்த பிறகு கார்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், திருப்பி அனுப்பச் சொன்னாலும் பணம் உறுதியாகும்வரை அனுப்பாதீர்கள், உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அது.

நான் வாங்கிய பக்கம் இப்போது இல்லை. அதே படங்கள், அதே வர்ணனை, வேறொரு விற்பனையாளர் பெயரில் திரும்ப வந்திருக்கிறது, இந்த முறை 256 ஜிபியும் சேர்த்து. சமீபத்தில் எங்கே கார்டு வாங்கியிருந்தாலும் சரி, திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு முடிவதற்குள் இன்று ராத்திரியே டெஸ்டைப் போட்டுவிடுங்கள்.