பர்னர் அடிக்கடி அணைகிறதா? பம்பை மாற்றுவதற்கு முன் பீப்பாய் மூடியைத் திறந்து பாருங்கள்

திருகோணமலையில் வீட்டோடு பேக்கரி நடத்துபவர்களுக்கும், டீசல் பர்னரில் போறணையோ சுடுநீர்க் கொதிகலனோ ஓட்டுபவர்களுக்கும் இதை எழுதுகிறேன். மூன்று மாதத்தில் ஒரு மெக்கானிக்கிடம் 112,000 ரூபாய் கொடுத்தேன். கடைசியில் பழுதைத் தீர்த்தது ஒரு சாண் நீளக் கம்பி. ஆளின் பெயரைச் சொல்லப்போவதில்லை. செய்த வேலையைச் சொல்கிறேன்.

எங்கள் போறணை வீட்டின் பின்கொட்டிலில் இருக்கிறது. அதிகாலை இரண்டு மணிக்குத் தம்பி பர்னரைப் போடுவான். ஐந்தரைக்குப் பாண் ஆட்டோ புறப்பட்டாக வேண்டும். தை மாதத்தில் ஒரு நாள், எரியத் தொடங்கி ஒரு மணித்தியாலம் கடந்ததும் சுவாலை திக்கித் திணறி அணைந்தது. கண்ட்ரோல் பொக்ஸில் சிவப்பு விளக்கு. பர்னருக்குள் இருக்கும் போட்டோசெல் என்ற கண் சுவாலையைக் காணாவிட்டால் பெட்டி தன்னைத் தானே பூட்டிக்கொள்ளும். அதற்கான விளக்கு அது. பொத்தானை அமுக்கினால் விசிறி சுழலும், பொறி விழும், சில விநாடி எரியும், மறுபடி அணையும். அன்று எண்பது இறாத்தலுக்குப் பிசைந்த மா புளித்துத் தட்டை விட்டு வழிந்தது. அம்மா அதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றதுதான் எனக்கு இன்னும் நினைவில் நிற்கிறது.

மெக்கானிக் வந்தார். முதல் வேலையாகப் பீப்பாயின் மூடியைக் கழற்றி, தடி விட்டு டீசல் மட்டம் பார்த்தார். பிறகு போட்டோசெல்லைக் கழற்றி, "கண் போய்விட்டது" என்றார். புதியது 8,500. போட்டதும் பர்னர் அழகாக எரிந்தது. இரண்டு வாரம் கழித்துப் பீப்பாயை நிரப்பிய மறுநாள் அதே கூத்து. மறுபடி வந்தார், மறுபடி தடி விட்டு மட்டம் பார்த்தார், கண்ட்ரோல் பொக்ஸை மாற்றினார்: 28,000. எரிந்தது. மூன்றாம் தடவை பம்பு: 65,000. அதுவும் எரிந்தது. ஒவ்வொரு வருகைக்கும் 3,500 தனி. கழற்றிய பொருட்களை "குப்பைதானே" என்று தன் பைக்குள் போட்டுக்கொண்டு போனார். கேட்டு வாங்கி வைக்காதது என் முட்டாள்தனம்.

பணத்தைக்கூட விடலாம். இரண்டாம் தடவைக்கும் மூன்றாம் தடவைக்கும் இடையில் அவரைத் தொலைபேசியில் அழைத்தபோது, "வர நேரமில்லை, எரியும் வரை சிவப்புப் பொத்தானை அமுக்கிக்கொண்டே இருங்கள்" என்றார். தம்பி ஆறேழு தடவை அமுக்கினான். பற்றாத ஒவ்வொரு முறையும் நொசில் தெளிக்கும் டீசல் எரியறைக்குள்ளேயே தேங்கும். பிறகு ஒரு பொறி பற்றினால் அத்தனையும் ஒன்றாகப் பிடிக்கும். அப்படியே நடந்தது. 'டும்' என்று ஒரு சத்தம், போறணைக் கதவு பிளந்து கரும்புகை. தம்பியின் ஒரு புருவமும் முன்மயிரும் கருகின. கண் தப்பியது கோணேசர் புண்ணியம். ஒரு தடவை அமுக்கலாம், மிஞ்சினால் இரண்டு. அதற்கு மேல் அமுக்கச் சொல்பவரை வீட்டுக்கு அழைக்கவே வேண்டாம்.

நான்காம் தடவை அணைந்தபோது பக்கத்து வீட்டு அண்ணை வேலியோரம் நின்றார். கடற்றொழில் செய்பவர். பீப்பாய் 'டொக், டொக்' என்று சத்தம் போடுவதைக் கேட்டுவிட்டுக் கிட்ட வந்தார். தகரம் உள்ளே ஒடுங்கியிருந்தது.

"தங்கச்சி, இது மூச்சு விடுகிறதா?" என்றார்.

படகு எஞ்சினின் எண்ணெய்த் தாங்கி மூடியில் காற்றுத் திருகு ஒன்று இருக்குமாம். அதைத் திறக்க மறந்தால் கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் எஞ்சின் நின்றுவிடுமாம். எண்ணெய் வெளியேறிய இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போகவேண்டும். போகாவிட்டால் உள்ளே வெற்றிடம் இழுக்கும், பம்பு எவ்வளவு உறிஞ்சினாலும் எண்ணெய் வராது. அவர் மூடியைத் திருக, 'புஸ்' என்று காற்று உள்ளே பாய்ந்தது. பொத்தானை ஒரு தடவை அமுக்கினோம். எரிந்தது. பிறகு பீப்பாயின் காற்றுக் குழாய்க்குள் கம்பியை விட்டுக் குடைந்தார். காய்ந்த மண் உதிர்ந்தது: குளவிக் கூடு. உள்ளே குளவி தன் குஞ்சுக்குச் சேர்த்து வைத்திருந்த சிலந்திகள் நாலைந்து.

2022இல் டீசலுக்கு வரிசையில் நின்ற பயம் எங்களை விட்டுப் போகவில்லை. பீப்பாயை வாய் வரை நிரப்பிவிடுவோம். நிறைந்த பீப்பாயில் காற்றுக்கு இடம் குறைவு. மணிக்கு நாலு லீற்றர் போனாலே இழுவை ஏறிவிடும். அரைப் பீப்பாய் ஆனதும் பிரச்சினை தெரியாது. இரவில் மண்ணின் வெடிப்பு வழியே மெல்ல மெல்லக் காற்று கசிந்து சரியாகிவிடும். மெக்கானிக் மட்டம் பார்க்க மூடியைத் திறந்த கணமே பழுது தீர்ந்திருக்கிறது! அவர் பூட்டிய எந்தப் பொருளுக்கும் அதில் பங்கில்லை. சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகள் நிற்கும் ஊரில், ஒரு பீப்பாய்க்கு மூச்சு முட்டுவதை மூன்று மாதம் நாங்கள் கவனிக்கவில்லை.

அவருக்கும் தெரியாமல் இருந்திருக்கலாம் என்று முதலில் நினைத்தேன். பிறகு அந்தப் 'புதுப்' பம்பைத் துடைத்தேன். டீசல் பட்ட இடத்தில் வெள்ளிப் பூச்சு கையோடு வந்தது. அடியில் பழைய ஸ்பேனர் தழும்புகள், தேய்ந்த திருகுத் தலைகள். தெரியாதவர் பம்புக்கு வர்ணம் அடிப்பாரா?

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம்தான். என் கையில் இருப்பதோ திகதியும் பொருளின் பெயரும் இல்லாத, மொத்தத் தொகை மட்டும் எழுதிய ஒரு சிட்டைத் துண்டு. அவரைக் கேட்டதற்கு, "இப்போது ஓடுகிறதுதானே, அக்கா?" என்றார்.

காற்றுக் குழாயின் வாயில் இப்போது சல்லடைக் கம்பி கட்டியிருக்கிறோம். என் பழைய பம்பு எங்கே போனது என்று தெரியாது. போன வாரம் வேறொரு பேக்கரிக்காரர் தனக்குப் 'புதுப் பம்பு' பூட்டியதாகச் சொன்னார். என்ன நிறம் என்று கேட்டேன். வெள்ளியாம். நகத்தால் சுரண்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.