வவுனியா மரக்காலை ஒன்றின் தடித்த பைன் பலகை: ஒரு மதிப்பீடு

முதிரையும் பாலையும் வளரும் வன்னியில் பைன் பலகை கேட்டு வருபவரை மரக்காலைக்காரர்கள் சற்று ஐயத்துடன்தான் பார்க்கிறார்கள். பொதிப்பெட்டி அடிப்பதற்கு உதவும் மரம் என்பதே இங்கு அதற்குள்ள பெயர். ஆயினும் பழங்காலத் தளபாடமொன்றை அதற்குரிய மரத்திலேயே மீளச் செய்ய விரும்புபவருக்குச் சில வேலைகளில் பைனை விட்டால் வேறு வழியில்லை. கனடாவில் நெடுங்காலம் வாழ்ந்து இப்போது கிளிநொச்சியில் வீடு கட்டும் ஒரு குடும்பத்தினர், ஒன்ராறியோவிலும் கியூபெக்கிலும் தாம் பார்த்துப் பழகிய வின்ட்சர் கதிரைகளையும் வர்ணம் பூசிய பெட்டகமொன்றையும் பெரிய அலுமாரியொன்றையும் எமது பட்டறையில் செய்து தரக் கேட்டனர். அதற்கான மரத்தை வவுனியாவில் ஏ9 வீதியை அண்டியுள்ள ஒரு மரக்காலையில் வாங்கினோம். நிறைகளோடு குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் அதன் பெயரை இங்கே எழுதவில்லை.

தடித்த பலகை ஏன் தேவை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். வட அமெரிக்க வின்ட்சர் கதிரையின் இருக்கை பெரும்பாலும் வெண்பைன் போன்ற மென்மையான மரத்தில், ஏறத்தாழ இரண்டு அங்குலத் தடிப்புள்ள பலகையைக் குடைந்து செய்யப்படுவது. கீழிருந்து கால்களும் மேலிருந்து முதுகுக் கம்புகளும் அந்த ஒரே பலகைக்குள் இறங்குவதால், குடைந்த பின்னும் துளைகளைப் பற்றிக்கொள்ளப் போதிய தடிப்பு எஞ்ச வேண்டும். முதிரையில் இதைக் குடைய முற்பட்டால் உளி தேய்வதோடு, ஏறக்குறைய இரண்டு மடங்கு பாரமான கதிரையும் கிடைக்கும். பதினெட்டாம் நூற்றாண்டுக் கியூபெக் அலுமாரிகளின் கதவுகளில் காணப்படும், நடுவில் கூம்பி எழும் சாய்சதுரச் செதுக்கல்களும் தடித்த பைன் பலகையிலிருந்தே வெட்டி எடுக்கப்பட்டவை. கடைகளில் எளிதாகக் கிடைக்கும் ஓரங்குலப் பலகை இவற்றுள் எதற்கும் உதவாது.

இந்த மரக்காலையில் இரண்டு வகைப் பைன் உண்டு. ஒன்று மலையகத் தோட்டங்களில் வெட்டப்படும் கரிபியன் பைன். மற்றது நியூசிலாந்திலிருந்து வரும் ரேடியாட்டா பைன். கரிபியன் பைனில் பிசின் அதிகம். மரத்தில் காயமிட்டு அதை வடித்து எடுக்கும் தொழிலே மலையகத்தில் நடக்கிறது. சூளையில் ஏறத்தாழ 70 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கிப் பிசினை இறுக வைக்காவிட்டால், கோடை வெயிலில் அது கசிந்து வர்ணத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். கணுக்களின் மேல் அரக்கு வார்னிஷ் பூசுவது ஓரளவுக்குத்தான் தடுக்கும். ரேடியாட்டா இதிலும் சாதுவானது, உளிக்கும் சீவுளிக்கும் இணங்குவது. ஆனால் இரண்டுமே விரைவாக வளர்ந்த மரங்கள். பழைய வெண்பைனின் நெருங்கிய வளையங்களை இவற்றில் எதிர்பார்க்கக் கூடாது. வர்ணம் பூசும் தளபாடத்துக்கு இது பெரிய குறையன்று. மரத்தை மரமாகவே காட்ட விரும்புபவருக்கு இந்தப் பலகையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி உலர்வு. முகாமையாளர் தமது தடித்த பலகைகள் அனைத்தும் சூளையில் காய்ந்தவை என்றே சொல்கிறார். நியூசிலாந்துப் பலகைக்கு அது உண்மை. மலையகத்து இரண்டங்குலப் பலகையோ, அறுத்துக் கூரையின் கீழ் அடுக்கிக் காற்றில் காய விடப்பட்டது. ஊசி வைத்த ஈரமானி அதன் மேற்பரப்பில் 14 சதவீதம் காட்டியது; ஆனால் அந்த ஊசிகள் சில மில்லிமீற்றரே உள்ளே செல்வதால், தடித்த பலகையின் நடுப்பகுதி பற்றி அவை எதுவும் சொல்லா. ஆகவே முனையிலிருந்து ஓர் அடிக்கு மேல் உள்ளே தள்ளி ஒரு மெல்லிய துண்டை அறுத்து, நிறுத்து, மின்னடுப்பில் 103 பாகையில் நிறை மேலும் குறையாத வரை வைத்து, மீண்டும் நிறுத்துப் பார்த்தோம். இழந்த நிறையை உலர்ந்த நிறையால் வகுத்தால் ஈரம் தெரியும். விடை 19 சதவீதத்துக்கு அண்மையில் நின்றது. இந்தச் சோதனைக்கு ஒரு சமையல் தராசும் பொறுமையும் போதும். பலகையின் முனை எப்போதும் நடுவை விட விரைவாகக் காய்வதால், துண்டை முனையிலிருந்து எடுத்தால் மட்டும் பொய்யான நம்பிக்கை பிறக்கும்.

இந்த ஐந்து சதவீத வேறுபாட்டைச் சிறிதென்று தள்ள முடியாது. வளையங்கள் அகல முகத்துக்கு ஏறத்தாழ இணையாக அமையுமாறு மட்டமாக அறுத்த பைன் பலகை ஈரத்தில் ஒரு சதவீதம் இழக்கும்போது அகலத்தில் ஏறத்தாழ 0.2 சதவீதம் சுருங்கும். பதினெட்டு அங்குல அகலமுள்ள இருக்கை 18 சதவீதத்திலிருந்து 13 சதவீதத்துக்கு இறங்கினால் நான்கு மில்லிமீற்றருக்கு மேல் குறுகிவிடும். வட்டமாக இட்ட துளை நீள்வட்டமாகும். குளிரூட்டிய அறையில் வைத்தால் ஈரம் இன்னும் கீழே இறங்கும். வீட்டுக்காரர் குளிரூட்டி பூட்டப்போகிறாரா என்று கேட்டுக்கொண்டு மரம் வாங்குவது வீண் விசாரணை அன்று.

எனவே மலையகப் பலகையை வாங்குபவர் அதை அரைவாசி காய்ந்த மரமாகக் கருதி, இடையில் சீரான குச்சிகள் வைத்து அடுக்கி, முனைகளுக்கு மெழுகு அல்லது தடித்த வர்ணம் பூசி, நிழலில் காற்றாட வைத்திருக்க வேண்டும். சோளகம் வீசும் மாதங்கள் இதற்கு உகந்தவை, எனினும் நேரடியாக வீசும் வறண்ட காற்றில் விட்டால் மேற்பரப்பு முந்திக் காய்ந்து வெடிக்கும். மாரியில் வாங்கிய பலகை அந்த மாரி முடியுமுன் காயும் என்று நம்ப வேண்டாம். தடிப்பு இருமடங்கானால் காயும் காலம் இருமடங்கிலும் கூடுதலாகும்.

கறையானைப் பற்றி வன்னியில் தனியாகச் சொல்லத் தேவையில்லை. பைனின் வெளிற்றுப் பகுதிக்கு, அதாவது பட்டையை அண்டிய வெளிமரத்துக்கு, இயற்கையான எதிர்ப்பு இல்லை. மரக்காலையில் போரிக் அமிலமும் போராக்சும் கலந்த கரைசலில் தோய்த்துத் தருகிறார்கள், அது நல்லது. ஆனால் தோய்த்த பலகை மீண்டும் ஈரமாகிவிடுவதால் காயவைக்கும் கணக்கு அன்றிலிருந்து புதிதாகத் தொடங்குகிறது என்பதை அவர்கள் சொல்வதில்லை. இறக்குமதிப் பொதிப்பலகைகளில் உள்ள எச்ரீ (HT, வெப்பமூட்டியது) முத்திரையை உலர்வுக்குச் சான்றாகக் காட்டும் வழக்கமும் அங்குண்டு. மரத்தின் உள்நடு 56 பாகையில் முப்பது நிமிடம் சூடாக்கப்பட்டு பூச்சிகள் கொல்லப்பட்டன என்பதையே அம்முத்திரை குறிக்கும். ஈரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

அளவில் நேர்மையே கண்டேன், ஒன்றைத் தவிர. கன அடிக் கணக்கைச் சீவுவதற்கு முந்திய தடிப்பில் எடுக்கிறார்கள். நியூசிலாந்துப் பலகையில் 50 மில்லிமீற்றர் என்பது சீவிய பின் 45 ஆகிவிடுவதால், முழுமையான இரண்டு அங்குலம் தேவைப்படுபவர் சீவாத பலகையையே கேட்டு வாங்கித் தாமே சீவுவது நல்லது. தெரிவு செய்ய விடுவது இங்குள்ள பெரிய வசதி: அடுக்கைக் கலைத்துப் பார்க்கப் பணியாளர்கள் முகம் சுளிக்கவில்லை, மரத்தின் மையமான நடுக்குருத்து ஓடும் பலகைகளை ஒதுக்கச் சம்மதித்தார்கள். குருத்தை அண்டிய பகுதி காயும்போது முறுகும். நீலக்கறை படிந்தவற்றை விலை குறைத்துத் தந்தார்கள். வலுவில் பெரிய குறைவில்லாததால் வர்ணத்தின் கீழ் மறையும் பகுதிகளுக்கு அவற்றைத் தயங்காமல் எடுக்கலாம். பற்றுச்சீட்டும் லொறிக்கான ஆவணமும் கேட்காமலே தரப்பட்டன.

மூன்றங்குலப் பலகை அங்கில்லை. கட்டில் தூண்களுக்கும் மேசைக் கால்களுக்கும் அது வேண்டுமென்றால், நன்கு காய்ந்த இரண்டு ஒன்றரை அங்குலப் பலகைகளை ஒட்டிக் கடைவதே இப்போதைக்கு வழி. வர்ணத்தின் கீழ் ஒட்டு தெரியாது, ஆனால் பழைய தூணைப் போலவே ஒற்றை மரம் வேண்டுமென வற்புறுத்தும் வாடிக்கையாளரிடம் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.