பழைய வேனின் கிளட்ச்: உச்சிப்புளிப் பக்கத்துப் பட்டறை எப்படி?

கியர் விழவில்லை என்று சொன்னவுடன் கியர் பாக்ஸை இறக்கச் சொல்லாத பட்டறை ஒன்று இராமநாதபுரம்–மண்டபம் சாலையில், உச்சிப்புளிக்குச் சற்று முன்பாக இருக்கிறது. அதன் பெயர்ப்பலகையை உப்புக்காற்று படிக்க முடியாதபடி அரித்துவிட்டதால், பஞ்சர் கடையை ஒட்டிய தகரக் கொட்டகை என்று அடையாளம் சொன்னால்தான் அப்பகுதியில் வழி காட்டுகிறார்கள்.

எங்களுடையது இராமேசுவரத்துக்கு யாத்ரீகர்களை ஏற்றிச் செல்லும் பழைய டீசல் வேன். அதன் கிளட்ச் கேபிளால் அல்லாமல் ஆயில் அழுத்தத்தால் இயங்குவது. ரிவர்ஸ் போட்டால் பல் கரகரவென்று உரசும். பெடலை அடுத்தடுத்து மிதித்தால் மட்டும் கியர் ஒழுங்காக விழும். முதலில் நகரத்தில் காட்டிய இடத்தில், வண்டிக்கு அடியில் குனிந்துகூடப் பார்க்காமல், கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் என்று கியர் பாக்ஸை இறக்கினால்தான் எட்டும் மூன்று பாகங்களையும் மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

உச்சிப்புளிப் பட்டறைக்காரர் கேட்ட முதல் கேள்வியே, திரும்பத் திரும்ப மிதித்தால் பெடல் மேலே வருகிறதா என்பதுதான். அப்படி வந்தால் கோளாறு பெரும்பாலும் ஆயில் செல்லும் வழியில்தான் இருக்கும். காற்று புகுந்திருக்கலாம், அல்லது ஆயில் கசியலாம். தேய்ந்த பிளேட்டின் குணம் வேறு: கியர் சரியாகவே விழும், ஆனால் எஞ்சின் இரைச்சல் ஏறுமே தவிர வண்டியின் வேகம் ஏறாது. அடுத்து அவர் ஆயில் டப்பாவைத் திறந்தார். உள்ளே இருந்த ஆயில் கருப்பட்டிக் காப்பி நிறத்தில் இருந்தது. பெடலுக்குப் பின்னால், மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் இருக்கும் இடத்தைக் கையால் தடவிப் பார்த்தார், அங்கு ஈரமில்லை. கீழே சென்று, அந்த ஆயில் அழுத்தத்தை வாங்கிக் கிளட்ச்சை இயக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கியபோது ஆயில் சொட்டியது. அதோடு நிறுத்திக்கொள்ளாமல், என்னைப் பெடலை மிதிக்கச் சொல்லி, வெளியே தள்ளும் ராடு எவ்வளவு நகர்கிறது என்று இரும்பு ஸ்கேலை வைத்து அளந்தார். முதல் மிதியில் அது சிறிதளவே நகர்ந்தது. தொடர்ந்து மிதித்தபோது கூடுதலாக நகர்ந்தது. “ராடு முழுசா நகந்தும் கியர் விழலேன்னாத்தான் உள்ள பாக்கணும்ணே, பாக்ஸ இறக்குறது கடைசி வேலை” என்றார். இந்த ஓர் அளவைக்காகவே அவரை நான் பரிந்துரைப்பேன்.

சிலிண்டரைக் கழற்றியபோது உட்சுவரில் துருக்குழிகள் தெரிந்தன. கிளட்ச்சுக்கும் ஊற்றப்படும் பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 3 என்ற பிரேக் ஆயில் வகையின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கையில் 205 டிகிரி செல்சியஸ், ஈரமேறிய நிலையில் 140 டிகிரி. கிளட்ச்சில் கொதிப்பதைவிடத் துருவே பெரிய பகை, அதிலும் ஆண்டுக்கணக்கில் ஆயில் மாற்றாத வண்டிகளில். சிலிண்டருக்குள் ஆயிலைத் தடுத்து நிறுத்தும் ரப்பர் வாஷர்களான பக்கெட் வாஷர் கிட் மட்டும் போட்டால் செலவு குறையும் என்று நான் சொல்லிப் பார்த்தேன். குழி விழுந்த சுவரில் புதிய வாஷரும் விரைவில் கிழிந்துவிடும் என்று அவர் மறுத்துவிட்டார். அது சரியான முடிவு என்றே கருதுகிறேன். ரப்பர் பாகங்களை, ரப்பரைக் கெடுக்கும் பெட்ரோலில் கழுவும் வழக்கமும் அங்கே இல்லை.

ஆயில் வழியில் புகுந்த காற்றை வெளியேற்றும் ‘ஏர் எடுப்பதில்’ அவருடைய பொறுமை குறிப்பிடத்தக்கது. வழக்கமான முறையில் மேலிருந்து தள்ளியும் பெடல் பஞ்சாகவே இருந்ததால், காற்று மேல்நோக்கித்தான் எழும் என்பதைப் பயன்படுத்தி, ஸ்லேவ் சிலிண்டரில் காற்றை வெளியேற்ற வைத்திருக்கும் நிப்பிள் வழியாக ஊசிக்குழாயால் ஆயிலைக் கீழிருந்து மேலே செலுத்தினார். பெடல் ராடில் சிறிது ப்ளே, அதாவது தளர்வான இடைவெளி, இருக்கும்படி சரிசெய்தும் கொடுத்தார்; அது இல்லாவிட்டால் மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் திரும்பும் துளை அடைபட்டு, வண்டி சூடேறியதும் கிளட்ச் வழுக்கத் தொடங்கும்.

குறைகளும் உண்டு. வெடிப்பு விட்டிருந்த பழைய ரப்பர் ஹோஸை, நான் கேட்ட பிறகுதான் மாற்றினார். உள்ளே நைந்த ஹோஸ் அழுத்தத்தில் உப்பிக்கொண்டு பாதி மிதியை விழுங்கிவிடும் என்பது அவருக்குத் தெரியாததன்று. ஈரத்தைப் பற்றி அவ்வளவு விளக்கியவர், மூடியில்லாத தகர டப்பாவிலிருந்து ஆயில் ஊற்ற முனைந்தது எனக்கு வியப்பாக இருந்தது. சீல் பிரிக்காத பாட்டிலை நாமே வாங்கிச் செல்வது நல்லது. அச்சிட்ட பில் கிடையாது, உட்கார நிழலும் கிடையாது. பழைய வண்டிகளுக்கான சிலிண்டரை அவர் இருப்பில் வைப்பதில்லை. இராமநாதபுரத்தில் கிடைக்காவிட்டால் மதுரையிலிருந்துதான் வரவழைக்க வேண்டும். ஆடி, தை அமாவாசைகளை ஒட்டிய நாள்களில் இராமேசுவரம் செல்லும் வேன்கள் அங்கே வரிசை கட்டி நிற்பதால், அவசரமில்லாத வேலையை அப்போது கொண்டுசெல்ல வேண்டாம்.