ஸ்க்ரம், கான்பான், சேஃப், லெஸ், ஸ்பாட்டிஃபை: எந்த முறை நிறுவனத்திடம் எதை விட்டுத்தரச் சொல்கிறது?

மென்பொருளைச் சிறு சுற்றுகளில் உருவாக்கி, பயனரின் கருத்துக்கேற்பத் திருத்திக்கொண்டே போகும் வழிகளை அஜைல் முறைகள் என்கிறோம். அவற்றை ஒப்பிடும் அட்டவணைகளில் பெரும்பாலும் மூன்று செய்திகளே இருக்கும்: எத்தனை பொறுப்புகள், எத்தனை கூட்டங்கள், எத்தனை வாரச் சுற்று. இவை மூன்றையும் ஒரு நிறுவனம் ஒரே மாதத்தில் மாற்றிவிடலாம்; மாற்றிய பின்பும் ஒரு சிறு திருத்தம் பயனரைச் சென்றடைய முன்போலவே நான்கு மாதம் ஆகலாம். எனவே இங்கே வேறோர் அளவுகோலை எடுத்துக்கொள்கிறேன். ஒரு முறையை உண்மையாகக் கடைப்பிடிக்க வேண்டுமானால், மேலாண்மை தன் கையில் இருக்கும் எந்த அதிகாரத்தை விட்டுத்தர வேண்டும்? நான் பார்த்தவரை, நிறுவனங்கள் மிகக் குறைவாக விட்டுத்தரச் சொல்லும் முறையையே விரும்புகின்றன. கடினமான முறையைத் தேர்ந்தாலும் அதன் கடினமான பகுதியை மட்டும் கழற்றி வைத்துவிடுகின்றன.

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்டு என்னும் பனிச்சறுக்குத் தலத்தில் கூடிய 17 பேர் உருவாக்கிய அஜைல் அறிக்கையிலும், அதைத் தொடர்ந்த 12 கோட்பாடுகளிலும் குழு முறையைச் சரியாகப் பின்பற்றத் துணைநிற்கும் ஸ்க்ரம் மாஸ்டர் என்ற பதவியோ, வேலையின் அளவைப் புள்ளிகளில் மதிப்பிடும் ஸ்டோரி பாயின்ட் என்ற கணக்கோ கிடையாது. அவை தனித்தனி முறைகளின் வழியே சேர்ந்தவை.

அந்த முறைகளில் மிகப் பரவலானது ஸ்க்ரம். கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லாந்தும் எழுதிய ஸ்க்ரம் கையேடு, எந்த வேலை முதலில் என்று முடிவெடுக்கும் பிராடக்ட் ஓனர் ஒரே ஒருவராகவே இருக்க வேண்டும் என்றும், அவருடைய முடிவுகளை நிறுவனம் முழுவதும் மதிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஸ்க்ரம் கேட்கும் உண்மையான விலை இதுதான். விற்பனைத் துறைத் தலைவர் அவசரம் என்று கொண்டுவரும் வேலைக்கு அந்த ஒருவர் ‘இந்த ஸ்பிரின்ட்டில் (நடப்புச் சுற்றில்) முடியாது’ என்று சொன்னால் அந்தச் சொல் நிற்க வேண்டும். நடைமுறையில் நிற்பதில்லை. பழைய புராஜெக்ட் மேனேஜர் ஸ்க்ரம் மாஸ்டர் ஆகிறார். குழுவினர் அன்றைய வேலையைத் தமக்குள் திட்டமிட்டுக்கொள்வதற்கான 15 நிமிடச் சந்திப்பு, அவரிடம் ஒவ்வொருவராகக் கணக்கு ஒப்புவிக்கும் சடங்காகிறது. ஒரு சுற்றில் எத்தனை புள்ளி வேலை முடிகிறது என்று குழு தன் திட்டத்துக்காக வைத்துக்கொண்ட வெலாசிட்டி என்ற எண் குழுக்களை ஒப்பிடும் மதிப்பெண்ணாக மாறும்போது, முன்பு மூன்று புள்ளி பெற்ற வேலை ஐந்து புள்ளி பெறத் தொடங்குகிறது. எண் உயர்கிறது, வேலை அதே அளவுதான் நடக்கிறது.

வெளிநாட்டு வாடிக்கையாளருக்காகச் சென்னையிலும் பெங்களூரிலும் இயங்கும் சேவை நிறுவனங்களில் இந்தச் சிக்கல் இன்னும் ஒரு படி இறுகுகிறது. முடிவெடுப்பவர் கடலுக்கு அப்பால் இருக்கிறார். இங்கே இருப்பவர் அவருடைய பதிலாள். தேவைகள் கடைசி நேரத்தில் மாறினாலும் வரவேற்க வேண்டும் என்பது 2001-இன் கோட்பாடுகளில் ஒன்று. ஆனால் நிலையான தொகைக்குக் கையெழுத்தான ஒப்பந்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனி விண்ணப்பம், தனி மதிப்பீடு, தனிக் கட்டணம். இந்த இரண்டும் மோதும் இடத்தில் எப்போதும் ஒப்பந்தமே வெல்கிறது. இதற்கு ஸ்க்ரம் பயிற்சி மருந்தாகாது. ஒப்பந்தம் எழுதும் விதம் மாற வேண்டும்.

கான்பான் தொடங்கும்போது கிட்டத்தட்ட எதையும் கேட்பதில்லை. டொயோட்டா தொழிற்சாலைகளில் பிறந்த கருத்தை டேவிட் ஆண்டர்சன் மென்பொருள் துறைக்கு ஏற்றவாறு வடிவமைத்தபோது, இப்போது செய்வதிலிருந்தே தொடங்குங்கள், பதவிப் பெயர்களை மாற்ற வேண்டாம் என்றே சொன்னார். ஆனால் வேலைகள் எந்த நிலையில் உள்ளன என்று பத்தி பத்தியாகக் காட்டும் பலகையில், ஒவ்வொரு பத்திக்கும் ஓர் உச்சவரம்பு வைக்கச் சொல்லும் இடத்தில் விலை வெளிப்படுகிறது. ஒரு குழுவின் கையில் 30 வேலைகள் பாதியில் நிற்கின்றன, வாரத்துக்கு ஐந்து முடிகின்றன என்று வைத்துக்கொண்டால், ஒரு வேலை முடியச் சராசரியாக ஆறு வாரம் ஆகும். முடியும் வேகம் குறையாமல் கையிருப்பை 15 ஆக்கினால் அது மூன்று வாரமாகும். வரிசைகளைப் பற்றிய லிட்டில் விதி என்னும் எளிய கணக்கு இது. கணக்கு எளிது, பதினாறாவது வேலையோடு வரும் மேலாளரை வெளியே காத்திருக்கச் சொல்வதுதான் கடினம். அந்த உச்சவரம்பை விட்டுவிட்டுப் பலகையை மட்டும் மாட்டிவைக்கும் அலுவலகங்களே அதிகம். ஆயினும் பழுதுநீக்கம், பராமரிப்பு போன்று வேலை எப்போது வரும் என்று தெரியாத குழுக்களுக்கு ஸ்க்ரமைவிட இதுவே பொருத்தம் என்பேன்.

2011-இல் டீன் லெஃபிங்வெல் அறிமுகப்படுத்திய சேஃப் (ஸ்கேல்டு அஜைல் ஃப்ரேம்வொர்க்) பெரிய நிறுவனங்களுக்கானது. 50 முதல் 125 பேர் வரை கொண்ட, ‘ரயில்’ எனப்படும் குழுக்களின் தொகுதி, எட்டு முதல் பன்னிரண்டு வாரச் சுற்று, ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் எல்லோரும் சேர்ந்து இரண்டு நாள் திட்டமிடல். இருக்கும் பதவி ஏணியில் ஏறக்குறைய ஒவ்வொரு படிக்கும் இதில் ஒரு புதுப் பெயர் உண்டு. பெரு நிறுவனங்கள் இதை நாடுவதற்கு அதுவே முதல் காரணம் என்பது என் கணிப்பு. ஆனாலும் இதை முழுதாகத் தள்ளிவிடுவது நியாயமாகாது. வன்பொருளும் மென்பொருளும் ஒன்றாக வெளிவர வேண்டிய இடத்தில், எந்தக் குழு எந்தக் குழுவுக்காகக் காத்திருக்கிறது என்பதை எல்லோரும் ஒரே கூடத்தில் பார்ப்பது பெரிய பயன். குறை என்னவென்றால், அந்தக் காத்திருப்பைத் திட்டப் பலகையில் கயிறு கட்டிக் காட்டுவதோடு பல நிறுவனங்கள் நின்றுவிடுகின்றன. ஓர் அமைப்பு உருவாக்கும் பொருள் அந்த அமைப்பின் தொடர்பு முறையையே பிரதிபலிக்கும் என்று கணினி அறிஞர் மெல்வின் கான்வே 1968-இல் எழுதினார். துறைகளின் எல்லை மாறாதவரை கயிறுகளும் குறையா.

இதற்கு நேர் எதிர்த்திசையில் நிற்பது கிரெய்க் லார்மனும் பாஸ் வொட்டேயும் வகுத்த லெஸ் (லார்ஜ்-ஸ்கேல் ஸ்க்ரம்). எட்டுக் குழுக்கள் வரை ஒரே பேக்லாக் (செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல்), ஒரே பிராடக்ட் ஓனர். இடையில் ஒருங்கிணைப்பதற்கென்று தனிப் பதவிகள் வேண்டாம். அந்தப் பதவிகளில் இருப்பவர்களிடமே முறையைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பும் இருப்பதால், லெஸ் அதிகம் தேர்ந்தெடுக்கப்படுவதில்லை. கேட்பதை வெளிப்படையாகக் கேட்கும் முறை என்ற அளவில் எனக்கு இதன்மேல் மதிப்பு உண்டு.

ஸ்பாட்டிஃபை மாதிரி என்று அழைக்கப்படுவதை முறை என்றே சொல்லத் தயங்குகிறேன். ஹென்ரிக் க்னிபெர்கும் ஆண்டர்ஸ் ஐவர்சனும் 2012-இல் எழுதிய கட்டுரை, அந்த நேரத்தில் அந்த இசைச் சேவை நிறுவனம் இயங்கிய விதத்தின் சித்திரம் மட்டுமே. ஸ்குவாட் (சிறு குழு), டிரைப் (குழுக்களின் தொகுதி) என்ற பெயர்களைப் பலரும் எடுத்துக்கொண்டார்கள். நெதர்லாந்தின் ஐஎன்ஜி வங்கி 2015-இல் பெயர்களோடு நிற்கவில்லை: தலைமையகத்தில் இருந்தவர்களின் பழைய பதவிகளை ரத்து செய்து, புதிய அமைப்பில் மறுபடியும் விண்ணப்பிக்கச் சொன்னது. இதை எல்லோரும் செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மனித அளவில் கடுமையான வழி அது. பெயர்ப்பலகையை மட்டும் மாற்றுவதற்கும் இதற்கும் இடையில் உள்ள தூரத்தைக் காட்டவே குறிப்பிடுகிறேன்.

முறையைவிட அதிகாரம் இருக்கும் இடமே முக்கியம் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சான்று அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயின் சென்டினல் திட்டம். காகிதக் கோப்புகளுக்கு மாற்றான இந்த மென்பொருள் 2006-இல் ஒப்பந்ததாரரிடம் ஒப்படைக்கப்பட்டது. 2010-க்குள் 45.1 கோடி டாலர் ஒதுக்கீட்டில் சுமார் 40.5 கோடி செலவாகியும் வேலை முடியவில்லை. அதன்பின் எஃப்பிஐ நிர்வாகத்தைத் தானே ஏற்று, ஒப்பந்தப் பணியாளர்களை ஏறக்குறைய 220-லிருந்து 40 ஆகக் குறைத்து, இரண்டு வாரச் சுற்றுகளில் ஸ்க்ரம் முறையில் வேலை செய்து, தாமதங்களுக்கிடையிலும் 2012 ஜூலையில் அனைத்து ஊழியர்களுக்கும் அதை வழங்கியது. ஸ்க்ரமின் வெற்றியாக மட்டும் இதைச் சொல்வது பாதி உண்மை. பயன்படுத்தப்போகிறவரும் முடிவெடுப்பவரும் ஒரே வீட்டுக்குள் வந்தார்கள் என்பது மற்றப் பாதி.

ஆகவே முன்னேற விரும்பும் நிறுவனம் முதலில் கைவைக்க வேண்டியது நிதிப் பிரிவிலும் மனிதவளப் பிரிவிலும். ஆண்டுக்கு ஒருமுறை, திட்டவாரியாக, என்ன செய்யப்போகிறோம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால்தான் பணம் என்ற நிலையில், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மனம் மாற்றிக்கொள்ளும் உரிமை குழுவுக்கு எங்கிருந்து வரும்? சுவீடனின் ஹண்டெல்ஸ்பாங்கன் வங்கி அஜைல் என்ற சொல் பிறப்பதற்கு வெகு முன்பே, 1970-களில், வழக்கமான ஆண்டு பட்ஜெட்டைக் கைவிட்டுக் கிளைகளிடம் முடிவுகளை ஒப்படைத்தது. அதேபோல் குழுவாக உழையுங்கள் என்று சொல்லிவிட்டு ஆண்டிறுதியில் ஒருவருக்கொருவர் எதிராகத் தரவரிசை போட்டால், எவரும் அடுத்தவருடைய வேலையை முடித்துக் கொடுக்க வரமாட்டார்.

எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்ற முடியாத நிறுவனத்துக்கு என் பரிந்துரை இது: ஒரே ஒரு பொருளை எடுத்து, அதற்கு ஒரு குழு, ஓராண்டுக்கான பணம், வேறெவர் அனுமதியும் கேட்காமல் வெளியிடும் உரிமை, ‘முடியாது’ என்று சொல்லக்கூடிய ஒரு பிராடக்ட் ஓனர் ஆகிய நான்கையும் சேர்த்தே கொடுத்து ஸ்க்ரம் முறையில் நடத்தட்டும், ஒரு கோரிக்கை எழுந்த நாளிலிருந்து பயனர் கைக்குப் போகும் நாள்வரை ஆகும் காலத்தை மட்டும் அளக்கட்டும். அந்த நான்கில் ஒன்றையும் தர மேலிடம் மறுக்குமானால், குழு தன் அளவில் கான்பான் பலகையை வைத்து, மேலாளர் ஒருவருடைய ஒப்புதலோடு, கையிலுள்ள வேலைகளுக்கு உச்சவரம்பு போட்டுக்கொள்ளலாம்.