மூன்று இடிபாடுகளா, ஒரு முழுக்கோட்டையா?

பிரான்சின் கிழக்கு ஓரத்தில், ரைன் ஆற்றுச் சமவெளிக்கும் வோஸ்ஜ் மலைக்காட்டுக்கும் இடையே நீளவாக்கில் கிடக்கிறது அல்சாஸ். அடிவாரம் முழுக்கத் திராட்சைத் தோட்டம், அதற்கு மேலே காடு, காட்டுக்கு மேலே பாறை முகடுகளில் கோட்டைகள். 1953-இல் தொடங்கப்பட்ட ஒயின் சாலை இந்த அடிவாரத்தை ஒட்டி ஏறத்தாழ 170 கிலோமீட்டர் ஓடுகிறது. அந்தச் சாலையில் எங்கே நின்று அண்ணாந்து பார்த்தாலும் ஏதாவது ஒரு சிதைந்த கோபுரம் கண்ணில் படும். எல்லாவற்றையும் பார்க்க ஒரு மாதம் வேண்டும். எங்களுக்குக் கிடைத்ததோ முதல் பயணத்தில் ஒரு பகல், இரண்டாம் பயணத்தில் ஒரு பகல்.

முதல் முறை, எல்லோரையும் போல, ஓ-கோனிக்ஸ்பூர் போனோம். இரண்டாம் முறை, ஓர் அக்டோபரில், ரிபோவில்லே ஊருக்கு மேலே இருக்கும் மூன்று கோட்டை இடிபாடுகளுக்கு ஏறினோம். இரண்டும் ஒன்றுக்கொன்று பக்கம்தான். அல்சாசுக்குப் போகிறவர்கள் எதற்குப் போகலாம் என்று கேட்கும்போதெல்லாம் நான் தயங்காமல் இரண்டாவதைச் சொல்கிறேன். என் மனைவி இன்னும் முதலாவதன் பக்கம். அவருடைய காரணங்களும் நியாயமானவை.

ஓ-கோனிக்ஸ்பூர் 757 மீட்டர் உயரத்தில் நிற்கும் முழுக்கோட்டை. 12-ஆம் நூற்றாண்டிலேயே ஆவணங்களில் பெயர் வருகிறது. முப்பதாண்டுப் போரின்போது, 1633-இல், சுவீடன் படை 52 நாள் முற்றுகையிட்டுப் பிடித்து எரித்தது. அதன்பின் இரு நூற்றாண்டுகளுக்கு மேல் காடு மூடிய இடிபாடாகக் கிடந்தது. அல்சாஸ் ஜெர்மனியின் கையில் இருந்த காலத்தில், 1899-இல், செலஸ்டா நகரம் அதைப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்முக்குப் பரிசாகக் கொடுத்தது. அவர் போடோ எப்ஹார்ட் என்ற கட்டடக் கலைஞரை அமர்த்தி, 1900 முதல் 1908 வரை செலவழித்துக் கோட்டையைத் திரும்ப எழுப்பினார். இளஞ்சிவப்பு மணற்கல் மதில், இழுவைப் பாலம், 62 மீட்டர் ஆழக் கிணறு, வண்ண ஓடு பதித்த கணப்படுப்புகள், ஆயுத அறை, கூரையில் பேரரசின் கழுகு விரிந்த மண்டபம் என்று எல்லாம் இருக்கிறது. ஆண்டுக்கு ஐந்து லட்சம் பேருக்கு மேல் வருகிறார்கள். டிக்கெட் வாங்கவேண்டும். செலஸ்டா ரயில் நிலையத்திலிருந்து பருவகாலத்தில் பஸ் உண்டு. காரில் வந்தால் வாசலுக்குக் கீழே சாலையோரத்தில் நிறுத்தலாம், ஆனால் கோடையில் பத்து மணிக்கு மேல் வந்தால் கீழே வெகுதூரம் வரை வண்டிகள் நிற்கும்.

மழை பெய்தால், சிறு பிள்ளைகள் கூட வந்தால், மலையேற முடியாதவர்கள் இருந்தால் கேள்வியே இல்லை, அங்கேதான் போகவேண்டும். கோட்டைக்குள் ஆட்கள் எப்படிச் சமைத்தார்கள், எங்கே படுத்தார்கள், குளிருக்கு என்ன செய்தார்கள் என்பதைக் கண்ணால் பார்க்க அதைவிட நல்ல இடம் அந்த வட்டாரத்தில் எனக்குத் தெரிந்து இல்லை. எப்ஹார்டைப் பற்றிக் குறை சொல்கிறவர்கள் உண்டு. நடுக்கோபுரத்தின் உயரமும் கூரையும் அவர் கற்பனை என்று அன்றே சண்டை போட்டார்கள். ஆனால் அவர் மண்ணைத் தோண்டி, கிடைத்ததை அளந்து, படமெடுத்து, பிறகுதான் கட்டினார். அந்த உழைப்பை மதிக்கவேண்டும்.

அப்படியானால் நான் ஏன் இடிபாட்டின் பக்கம் சாய்கிறேன்? ஏறிப்போகும் வழிக்காக. என் கணக்கில் மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ரிபோவில்லேயின் மேல்தெருவைத் தாண்டியதும் வீடுகள் முடிந்து திராட்சைச் சரிவு தொடங்குகிறது. கெய்ஸ்பெர்க் என்று அந்தச் சரிவுக்குப் பெயர். ஆட்டுமலை என்று பொருள். அல்சாசில் முதல்தரம் என்று வகுத்த 51 நிலங்களில் அது ஒன்று. ஆடு ஏறும் செங்குத்துதான், கற்சுவர் வைத்துப் படிப்படியாகத் திருத்தியிருக்கிறார்கள். அக்டோபரில் இலைகள் மஞ்சளாகி, பறிக்காமல் விட்ட ஒன்றிரண்டு குலைகள் கொடியிலேயே சுருங்கிக் கிடந்தன. கால் மணி நேரத்தில் கொடிகள் முடிந்து கஷ்கொட்டை மரங்கள் வந்துவிட்டன. பாதை முழுக்க முள்ளுறை வெடித்த கொட்டைகள். ஒன்றை எடுத்தேன். உறை விரலில் குத்தியது, உள்ளே காய் பளபளவென்று புதிதாகத் தேய்த்த தேக்குப் பலகை நிறத்தில் இருந்தது.

இந்தக் கஷ்கொட்டைதான் எனக்கு முழுக்கதையையும் திறந்துவிட்டது. இந்த மலைச்சரிவுகளில் கொட்டைக்காக மட்டும் அந்த மரத்தை வளர்க்கவில்லை. எளிதில் உளுத்துப்போகாத மரம் என்பதால் திராட்சைக்கொடிக்கு ஊன்றுகால் அதிலிருந்துதான் வந்தது. பீப்பாய்க்கு ஓக். விறகும் கரியும் காட்டிலிருந்துதான். அதாவது காடும் தோட்டமும் வேறு வேறல்ல. ஒரே பண்ணையின் மேல்பாதியும் கீழ்பாதியும். அதற்கு மேலே உட்கார்ந்து, பள்ளத்தாக்கில் போகிற வண்டியையும் வருகிற ஒயினையும் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் வீடுதான் கோட்டை. காலால் ஏறும்போது இது வரிசையாக விளங்கிவிடுகிறது: ஊர், கொடி, ஊன்றுகால், காடு, பாறை, காவல். ஓ-கோனிக்ஸ்பூருக்குக் கீழேயும் ஓர்ஷ்வில்லரும் சான் இப்போலித்தும் இருக்கின்றன. சான் இப்போலித்தின் சிவப்பு ஒயினுக்குத் தனிப்பெயரே உண்டு. ஆனால் கார் அந்த ஊர்களைப் பத்து நிமிடத்தில் தாண்டி, காட்டைச் சுற்றி வளைத்து, மதிலடியில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறது. ஆகவே கோட்டை அதன் நிலத்திலிருந்து பிய்த்தெடுத்து வைத்த அருங்காட்சியகமாகத் தெரிகிறது. அது கோட்டையின் குற்றமல்ல, நாங்கள் போன வழியின் குற்றம்.

முக்கால் மணி நேரம் ஏறினால் முதலில் வருவது சான் உல்ரிக். மூன்றில் பெரியது அதுதான். ரிபோப்பியேர் என்ற குடும்பம் இந்த வட்டாரத்தை ஆண்டபோது இதுவே அவர்களின் தலைமை வீடு. ஊர் ஊராகப் போய் வாசித்துப் பிழைத்த இசைக்கலைஞர்களுக்குக் காவலராக இருந்தவர்கள் அவர்கள். அந்தத் தொடர்பில் இன்றும் செப்டம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை கீழே ஊரில் குழலூதிகளின் திருவிழா நடக்கிறது. 16-ஆம் நூற்றாண்டு வாக்கில் குடும்பம் ஊருக்குள்ளேயே மாளிகை கட்டிக்கொண்டு இறங்கிவிட்டது. கோட்டைகள் தன்பாட்டில் சரியத் தொடங்கின.

சான் உல்ரிக்கின் பெரிய மண்டபத்துக்குக் கூரை இல்லை. தரையில் புல். ஆனால் ஒரு பக்கச் சுவரில் இரட்டை வளைவுச் சன்னல்கள் வரிசையாக அப்படியே நிற்கின்றன. ஒவ்வொன்றின் நடுவிலும் கைப்பிடிக்குள் அடங்குகிற அளவில் ஒரு மெல்லிய தூண். உத்தரம் செருகியிருந்த குழிகளைச் சுவரில் எண்ணினால் எத்தனை தளம் இருந்தது என்று நாமே கண்டுபிடிக்கலாம். பாதிச் சுவரில் அந்தரத்தில் தொங்குகிற கணப்படுப்பைப் பார்த்தால், மேல்தளத்து அறை அதைச் சுற்றி மனத்தில் தானாக எழும்பிவிடுகிறது. ஓ-கோனிக்ஸ்பூரில் இந்த வேலையை எப்ஹார்ட் நமக்காகச் செய்துவிட்டார். இங்கே நாம் செய்யவேண்டும். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது.

கோபுரத்தில் ஏறினால் எதிரே கூப்பிடு தூரத்தில் கிர்ஸ்பெர்க், ஒரு கூர்ப்பாறையின் நுனியில். அண்ணன் தம்பி இருவர் ஆளுக்கொரு கோட்டையில் இருந்தார்களாம். வேட்டைக்கு முதலில் எழுந்தவர் மற்றவரின் சன்னல் பலகையில் அம்பெய்து எழுப்புவது ஏற்பாடு. ஒருநாள் அம்பு கிளம்பிய நொடியில் மற்றவர் பலகையைத் திறந்துவிட்டார். ஊர்க்கதைதான், ஆனால் அந்த இடைவெளியை நேரில் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. மூன்றாவது ஓ-ரிபோப்பியேர், 642 மீட்டரில், இன்னும் மேலே காட்டுக்குள். மற்ற இரண்டைவிட அங்கே சிதைவு அதிகம். நேரமில்லாதவர்கள் அதை விட்டுவிடலாம்.

இடிபாட்டுக்குக் கட்டணம் இல்லை, கதவும் இல்லை. அதனால் கழிப்பறையும் இல்லை, தண்ணீரும் இல்லை. கைப்பிடி இல்லாத விளிம்புகள் உண்டு. ஓடியாடும் குழந்தையோடு நான் போயிருக்கவில்லை, போனால் ஒரு கை எப்போதும் அதன் மேல் இருக்கவேண்டும் என்றுதான் நினைக்கிறேன். ஈரத்தில் இலைச்சருகு வழுக்கும். பனிக்காலத்தில் நான் ஏறியதில்லை, அதைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. பறிப்புக் காலத்தில் தோட்டத்துக்குள் போகும் சில பாதைகளை ஊராட்சி அடைத்துவைக்கும். பலகை வைத்திருந்தால் மதித்துச் சுற்றிப் போங்கள், ஓராண்டு உழைப்பு அங்கே தொங்கிக்கொண்டிருக்கிறது. பாதைக் குறிகளை 1872-இல் தொடங்கிய வோஸ்ஜ் மலைநடை மன்றத்தின் தொண்டர்கள் மரத்தில் வண்ணம் தீட்டிப் பராமரிக்கிறார்கள். குறியை விடாமல் பிடித்துப் போனால் வழி தவறாது.

மனைவியும் நானும் ஒத்துப்போன இடம் ஒன்று உண்டு. சிவப்புச் செவ்வகக் குறியிட்ட நெடும்பாதை ஓ-கோனிக்ஸ்பூரிலிருந்து இறங்கி, தானென்கிர்ஷ் கிராமத்தைக் கடந்து, ரிபோவில்லேக்கு வருகிறது. காலை பஸ்ஸில் செலஸ்டாவிலிருந்து மேலே போய், கதவு திறக்கும் நேரத்தில் கூட்டம் சேருமுன் முழுக்கோட்டையைப் பார்த்துவிட்டு, பிறகு நாளெல்லாம் காட்டுக்குள் நடந்து, மாலை வெயிலில் இடிபாடுகளை வந்து சேரலாம். சான் உல்ரிக்கின் அந்தச் சன்னல்கள் மேற்கு வெயிலில் எப்படி இருக்கும் என்று அவர் கேட்கிறார். அடுத்த அக்டோபருக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டோம்.